சாத்தப்பச் செட்டியாரின் போணிக் காசு

கடல் தண்ணீர் தித்தித்த காலம் என்று ஒன்று இருந்ததாம். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம். அதற்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், பல்லிகள் பேசிக்கொண்டும் மந்திரவாதிகள் பட்டப்பகலில் கடைத்தெருவில் நடமாடிக்கொண்டும் இருந்த காலத்தில், வெண்சங்குப்பட்டினம் என்று ஒரு துறைமுகம் இருந்தது. அங்கே சாத்தப்பச் செட்டியார் என்று ஒரு பெரும் பணக்காரர் இருந்தார்.

எப்பேர்ப்பட்ட பணக்காரர் என்கிறீர்கள்! துறையில் நிற்கிற கப்பல்களில் பாதி அவருடையவை. மிளகுக் கிடங்கு அவருடையது, முத்துக் கிடங்கு அவருடையது, சந்தனக் கிடங்கும் அவருடையதுதான். ஆனாலும் மனுஷர் கிழிந்த மேல்துண்டைத் தைத்துத் தைத்தே போட்டுக்கொள்வார். அவர் சாப்பிட்டு எழுந்த இலையில் ஒரு பருக்கை மிஞ்சாது. கஞ்சன் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பசி என்று வந்த யாரையும் அவர் வாசலிலிருந்து திருப்பி அனுப்பியதில்லை, எனக்கு அது போதும்.

இத்தனை சொத்திலும் அவர் உயிராக வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். இரும்புப் பெட்டிக்குள் ஒரு சந்தனப் பெட்டி. சந்தனப் பெட்டிக்குள் ஒரு வெள்ளிச் சிமிழ். வெள்ளிச் சிமிழுக்குள் ஒரு செப்புக் காசு. நடுவில் ஓட்டை விழுந்து, ஓரம் தேய்ந்த காசு, தெருவில் கிடந்தால் ஒருவரும் குனிந்து எடுக்க மாட்டார்கள். அதுதான் அவருடைய போணிக் காசு. போணி என்றால் அன்றைய முதல் வியாபாரம். செட்டியாருக்கோ அது வாழ்க்கையிலேயே முதல் வியாபாரம். இளவட்டமாய் இருந்தபோது, பனையோலை விசிறிகளைத் தலையில் சுமந்துகொண்டு, கொட்டுகிற ஐப்பசி மழையில் ஊர் ஊராக விற்கப் போனார். மழையில் யார் விசிறி வாங்குவார்கள்? ஊர் சிரித்தது. ஆனால் யாரோ ஒருவர் வாங்கினார். அந்தக் காசு கைக்கு வந்த நாளிலிருந்து தொட்டதெல்லாம் துலங்கியது.

தினம் காலையில் கடை திறக்குமுன் செட்டியார் அந்தக் காசை எடுப்பார், இடது கண்ணில் ஒற்றுவார், வலது கண்ணில் ஒற்றுவார், நெற்றியில் ஒற்றுவார். சுவரில் இரும்புப் பெட்டிக்கு மேலே குடியிருக்கிற பல்லி அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தப் பல்லிக்கு ஒரு வழக்கம். யாராவது உண்மை பேசினால் மூன்று தடவை "ச்சு, ச்சு, ச்சு" என்று சொல்லும். பொய் என்றால் வாயைத் திறக்காது. செட்டியார் கடையில் அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது என்பதை அவருக்குப் பெருமையாகவே சொல்லிவிடுகிறேன்.

செட்டியாருக்கு மனைவி இல்லை. மெய்யம்மை என்று ஒரே மகள். கிடங்குச் சாவிகளை இடுப்பில் செருகிக்கொண்டு கப்பல்காரர்களை ஆட்டிவைப்பாள். நன்றாகச் சிரிப்பாள், சிரிக்கக் கூடாத இடத்தில்கூட. ஒருநாள் அவள் தகப்பனாரைக் கேட்டாள்: "அப்பச்சி, தினமும் இதக் கண்ணுல ஒத்திக்கிறீங்களே, இதக் குடுத்தது யாரு?"

"யாரோ ஒருத்தர். மழையில வாங்கினாங்க" என்றார் செட்டியார்.

"ஆம்பளையா, பொம்பளையா?"

செட்டியார் யோசித்தார். நினைவில்லை. அன்று அவர் பார்த்தது காசை மட்டும்தான். சரி போ, வேலையைப் பார் என்று மகளை அனுப்பிவிட்டார். பல்லி என்னவோ சொல்ல வந்ததுபோல் தலையைத் தூக்கிவிட்டு மறுபடி சுவரோடு ஒட்டிக்கொண்டது.

இப்போது எரிமூக்கன் வருகிறான். ஊருக்கு மேற்கே கரட்டு மலையில் குடியிருந்த மந்திரவாதி. கோபம் வந்தால் மூக்கு அடுப்புக்கரி மாதிரி சிவந்துவிடும், அதனால் அந்தப் பெயர். அவனுடைய மந்திரத்தில் ஒரு கோளாறு உண்டு, அது ஊருக்கே தெரியும். அவன் ஆக்கியது அந்திக்குள் கரையும், கெடுத்தது கெட்டபடியே கிடக்கும். காலையில் அரண்மனை கட்டுவான், சூரியன் இறங்கும்போது அது புகையாகிப் போகும். மத்தியானம் பால்பாயசத்தோடு விருந்து வரவழைத்து உண்பான், பொழுது சாய்ந்ததும் வயிற்றுக்குள் இருந்த சோறும் கரைந்துவிடும். பாவம், பிறந்ததிலிருந்து அவன் ஓர் இரவுகூட வயிறு நிறைந்து படுத்ததில்லை.

உண்மையாய் உழைத்துச் சம்பாதித்த ஒரு ராசிக் காசு கையில் இருந்தால் தன் மந்திரம் நிலைக்கும் என்று எங்கேயோ கேள்விப்பட்டான். ஆனால் அதைத் திருடக் கூடாது, உடையவரே மனதாரத் தர வேண்டும். அப்படிப்பட்ட காசு வேறு யாரிடம் இருக்கிறது? சாத்தப்பச் செட்டியாரிடம்தான்.

முதலில் தூரதேசத்து வியாபாரியாக வேஷம் போட்டு வந்தான். மூட்டை நிறையப் பொன்னைக் கொட்டி, அந்தச் செப்புக் காசுக்கு இது விலை என்றான். செட்டியார் வியாபாரம் பண்ணியே தலை நரைத்தவர். அவசரமில்லை, முதலில் மோர் குடியுங்கள் என்றார். குடித்ததும் வெற்றிலை போடுங்கள் என்றார். வெற்றிலை போட்டதும் உங்கள் ஊர்க் கதையைச் சொல்லுங்கள் என்றார். பேச்சிலேயே பொழுது இறங்கியது, பொன் அத்தனையும் சருகாகியது. மெய்யம்மை விளக்குமாற்றைக் கொண்டுவந்து நீட்டினாள். எரிமூக்கன் மூக்கு சிவக்க மலைக்குத் திரும்பினான்.

இரண்டாவது தடவை ராஜாவின் மந்திரியாகப் பல்லக்கில் வந்தான். ராஜாவுக்கு அந்தக் காசு வேண்டுமாம், உடனே தர வேண்டுமாம். அதற்கென்ன, நல்ல நேரம் பார்த்துத் தருகிறேன் என்று செட்டியார் அவனை வாசலிலேயே காக்க வைத்தார். பல்லக்கை விட்டு இறங்கினால் மரியாதை குறைந்துவிடும் என்று அவனும் இறங்கவில்லை. அந்தி சாய்ந்தது. பல்லக்கு போயிற்று, பல்லக்குத் தூக்கிகள் போனார்கள், பட்டு வேட்டி போயிற்று. எரிமூக்கன் கோவணத்தோடு தெருப்புழுதியில் பொத்தென்று விழுந்தான். மெய்யம்மை வாசற்படியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று. அவன் எழுந்தான், மூக்கு கனன்றது, இடுப்பில் முடிந்திருந்த சாம்பலை அள்ளி அவள்மேல் வீசினான். மெய்யம்மை சிரித்தது சிரித்தபடி கல்லானாள்.

மூன்றாவது தடவை எரிமூக்கன் காசைக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. செட்டியார் உள்ளே ஓடினார். இரும்புப் பெட்டியைத் திறந்தார், சந்தனப் பெட்டியைத் திறந்தார், வெள்ளிச் சிமிழைத் திறந்தார். ஒரு நொடி யோசிக்கவில்லை. அவரைக் கஞ்சன் என்றவர்கள் அப்போது அங்கே இருந்திருக்க வேண்டும்.

"மனசாரக் குடுக்கணும்" என்றான் எரிமூக்கன்.

"மனசாரத்தான் குடுக்கிறேன். எனக்கு எம் மக வேணும்."

காசை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டு அவன் மந்திரத்தைச் சொல்ல, மெய்யம்மை விட்ட இடத்திலிருந்து சிரித்து முடித்தாள். சாம்பல் விழுந்தது மாலையில். அவன் காசை விடியும்வரை புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில்தான் மந்திரம் சொன்னான் என்பது அவளுக்குத் தெரியாது. சங்கதி தெரிந்ததும், காசு போச்சே அப்பச்சி என்று அவள்தான் கலங்கினாள். போனால் போகிறது என்றார் செட்டியார். அன்றைக்கு அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார்கள்.

பொழுது சாய்ந்தது. முற்றத்து ஓரமாக நின்று மெய்யம்மை அகல்விளக்கை ஏற்றிக் கையில் எடுத்தாள். சூரியன் இறங்கியது. விளக்கோடு, விளக்கின் சுடரோடு, அவள் மறுபடியும் கல்லானாள்.

கெடுத்ததைச் சரிசெய்வதும் ஆக்குகிற வேலைதானே? ஆக்கியது அந்திக்குள் கரையும், கெடுத்தது கெட்டபடியே கிடக்கும். அதே நேரத்தில் மலைமேல் ராசிக் காசை அடியில் வைத்துக் கட்டிய அரண்மனையும் கரைந்து, மாடியில் உலாத்திக்கொண்டிருந்த எரிமூக்கன் முள்ளுப் புதரில் விழுந்தான்.

விடிந்ததும் மூக்கெல்லாம் முள்ளாக வந்து நின்றான். கள்ளக் காசைக் கொடுத்து ஏமாற்றிவிட்டீர் என்று கத்தினான். செட்டியார் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். முற்றத்து ஓரத்தில் கல்லாய் நிற்கிற மகளைக் காட்டினார். அவன் மந்திரத்தைச் சொன்னான், திருப்பிச் சொன்னான், தலைகீழாகச் சொன்னான். இந்தத் தடவை ஒன்றும் நடக்கவில்லை. ஒரே கல்லை இரண்டு தடவை எழுப்ப அவனுக்கு வழி தெரியாது. சத்தியமாக எனக்குத் தெரியவில்லை என்றான்.

"ச்சு, ச்சு, ச்சு" என்றது பல்லி.

செட்டியார் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் பல்லி சுவரிலிருந்து இறங்கி வந்து, முதல்முறையாக மனுஷர் மாதிரி பேசியது.

"செட்டியாரே, ஊருல புதுக் கடை தெறந்தா மொத வியாபாரத்துக்கு யாரக் கூப்பிடுறாங்க?"

"என்னத்தான். என் கை ராசியான கைன்னு சொல்லுவாங்க."

"அப்ப நீங்க குடுக்குற காசுல ராசியா, குடுக்குற கையில ராசியா?"

"கையிலதான்" என்று சொன்னவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி. துணிக்கடைப் பையனைக் கேட்டால்கூடச் சொல்வான். ராசி என்பது காசில் இல்லை, முதன்முதலில் கொடுக்கிற கையில் இருக்கிறது. மற்றவர் கடைகளுக்கெல்லாம் கைராசிக்காரராகப் போய் நின்றவர், தன் கடைக்கு ராசி தந்த கை யாருடையது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இத்தனை காலம் காசைக் கண்ணில் ஒற்றினார், கையை மறந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. மகளுக்காக அழுததோடு இதற்காகவும் கொஞ்சம் அழுதார்.

தான் பிறந்ததே அவர் சுமந்துபோன ஓலைக்கட்டுக்குள்தான் என்றது பல்லி. முட்டையை உடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தபோது மழை, மழைக்கு நடுவில் ஒரு கை. முகம் தெரியவில்லை, ஊர் தெரியவில்லை. கட்டைவிரலில் பிறை மாதிரி ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது. அந்தக் கை வந்தால்தான் மெய்யம்மை எழுந்திருப்பாள். மழையில் விசிறி வாங்கிய கையை மழையில் விசிறி விற்றுத்தான் கண்டுபிடிக்க முடியும் என்று சொல்லிவிட்டு, செட்டியாரின் தோளில் ஏறித் துண்டுக்குள் புகுந்துகொண்டது.

நல்லவேளையாக ஐப்பசி மாதம். செட்டியார் பனையோலை வாங்கி முற்றத்தில் உட்கார்ந்து விசிறி பின்னினார். பெரிய பெரிய முத்துக்களை உருட்டிப் பார்த்துப் பழகிய விரல் ஓலைக்கு வளைய மறுத்தது. இரண்டு வெட்டுக் காயம், ஒரு நகக்கண் வீக்கம், பிறகு கை பழைய பழக்கத்துக்கு வந்தது. எரிமூக்கன் போக இடமில்லாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"நீ இங்கயே இரு" என்றார் செட்டியார். "சாரல் அடிக்குது. எம் மக நனையாமப் பாத்துக்க."

இதுவரை யாரும் அவனிடம் எதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னதில்லை. அவன் தலையாட்டினான்.

"விசிறி, விசிறி, பனையோலை விசிறி!" மழையோ மழை. கப்பலும் கிடங்கும் உள்ள மனுஷர் செருப்பில்லாமல் சேற்றில் நடந்தார். போன முதல் ஊரில் சிரித்தார்கள். மழைக்கு விசிறி விற்கிறவன், வெயிலுக்குக் கம்பளி விற்பானா என்று கேட்டார்கள். அவர் கும்பிட்டுவிட்டு நடந்தார்.

"விசிறி, விசிறி, பனையோலை விசிறி!" இரண்டாவது ஊரில் ஒரு புண்ணியவான் பரிதாபப்பட்டு, விசிறி வேண்டாம், காசை மட்டும் வைத்துக்கொள் என்று நீட்டினார். செட்டியார் ஆவலாக அவர் கட்டைவிரலைப் பார்த்தார். தழும்பு இல்லை. நல்ல கைதான், ஆனால் அந்தக் கை இல்லை என்று பல்லி காதில் சொன்னது. காசை வாங்காமல், நன்றி சொல்லிவிட்டு நடந்தார். இந்தத் தடவை அவர் கொடுக்க வந்தவரின் முகத்தை மறக்காமல் பார்த்தார்.

"விசிறி, விசிறி, பனையோலை விசிறி!" மூன்றாவது ஊர் ஓர் ஆற்றுத்துறை. படகுக்காரர்கள் நனைந்த கோழிகளாக ஒரு கூரைக்குள் ஒடுங்கி நின்றார்கள். அது ஒரு கஞ்சிக் கடை. உள்ளே ஒரே புகை. புகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ விசிறிக்காரத் தம்பி, இங்க வா. வெறகெல்லாம் ஈரம், அடுப்பு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது. ஒண்ணு குடு."

மழையில் யார் விசிறி வாங்குவார்கள் என்று ஊரெல்லாம் சிரித்ததே, இதோ பதில். ஈர விறகோடு மல்லுக்கட்டுகிறவள் வாங்குவாள். வெயில் நாளில் அடுப்புக்கு விசிறி எதற்கு, காய்ந்த விறகு தானே எரியும்!

புகையை விலக்கிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தாள், செட்டியாரைவிட நாலைந்து வயது மூத்தவள். பெயர் சிலம்பாயி. கையை நீட்டினாள். கட்டைவிரலில் பிறை மாதிரி தழும்பு. பல்லி துண்டுக்குள்ளிருந்து "ச்சு, ச்சு, ச்சு" என்றது. செட்டியார் தலைச்சுமையை இறக்கி வைத்தார். எத்தனையோ வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு மழையில் என்னிடம் விசிறி வாங்கினீர்களா அக்கா என்று ஒருவழியாகக் கேட்டார்.

சிலம்பாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓலைக்கட்டத் தலையில வச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டு வந்தவனா? நீதானா அது? அந்த விசிறி காம்பு ஒரு வாரங்கூடத் தாங்கலப்பா. கையோட வந்துருச்சு."

பாருங்கள் கூத்தை. அவர் அந்தக் காசை வெள்ளிச் சிமிழில் வைத்துப் பூசை செய்திருக்கிறார். அவளுக்கு நினைவில் நின்றது காம்பு கழன்ற விசிறி. செட்டியார் சேற்றிலேயே விழுந்து கும்பிட்டார். கப்பலைச் சொன்னார், கிடங்கைச் சொன்னார், எல்லாம் உங்கள் கையால் வந்தது, ஒரு நன்றிகூடச் சொல்லாமல் காசைப் பார்த்துக்கொண்டே போய்விட்டேன் என்றார்.

எழுந்திரு எழுந்திரு, படகுக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று அவள் கூச்சப்பட்டாள். தான் தர்மம் பண்ணவில்லை, அடுப்புக்கு வேண்டியிருந்தது, வாங்கினேன் என்றாள். பிறகு சும்மா பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கே போணியானது அந்த ஒரு காசுதான்.

செட்டியார் அதிர்ந்துபோனார். போணிக் காசை எந்த வியாபாரியும் அன்றைக்கே கைமாற்ற மாட்டான். மாற்றினால் ராசி கூடவே போய்விடும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"அக்கா, அப்ப உங்க ராசியத்தான் நான் எடுத்துக்கிட்டுப் போயிட்டேனா?"

"வந்தவங்க எல்லாம் நனைஞ்சு நின்னாங்க. அடுப்பு பத்துச்சு, கஞ்சி கொதிச்சுது, எல்லாரும் சாப்பிட்டாங்க. அதுக்கு மேல ராசிக்கு நான் எங்க போக?"

பல்லி மூன்று தடவை சொன்னது, பிறகு சொல்லிக்கொண்டே இருந்தது.

மகள் கல்லான கதையைக் கேட்டதும் சிலம்பாயி அடுப்படிக்குத் திரும்பினாள். பானையை இறக்கி, இருந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றி முடித்துவிட்டு, போகலாம் என்று புடவையை இழுத்துச் செருகினாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பழைய விசிறிக்குப் பதிலாக நல்ல விசிறி ஒன்று வேண்டும்.

செட்டியார் கூரையின்கீழ் உட்கார்ந்து அவளுக்கென்று ஒன்று பின்னினார். காம்பை இறுக்கக் கயிறு இல்லை. தைத்துத் தைத்துக் காப்பாற்றிய மேல்துண்டின் கரையைக் கிழித்தார். கிழிந்தால் கிழியட்டும். சுற்றிச் சுற்றி, முடிச்சின்மேல் முடிச்சாகக் கட்டி, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். அவள் காம்பைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. இப்பதான் தம்பி தொழில் கத்துக்கிட்டிருக்கே என்றாள்.

படகேறி வெண்சங்குப்பட்டினம் வந்தார்கள். முற்றத்து ஓரத்தில் மெய்யம்மை விளக்கோடு நின்றாள். அவள்மேல் ஒரு சொட்டுச் சாரல் இல்லை. எரிமூக்கன் ஒரு போர்வையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி, தான் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு நின்றான். சிலம்பாயி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கல்லின் முன்னே குந்தி உட்கார்ந்து விசிறத் தொடங்கினாள். ஈர விறகை எரிய வைக்கிறவளுக்கு அவசரம் தெரியாது. அவள் நிறுத்தவில்லை, வேகத்தைக் கூட்டவில்லை. செட்டியார் பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் விளக்கின் கல்சுடர் ஆடியது. பிறகு சிவந்தது. பிறகு அகலைப் பிடித்திருந்த விரல்கள் சிவந்தன. அப்புறம் கன்னம், அப்புறம் கண். சுடர் பட்டென்று அணைந்தது.

"யாரு விசிறினது? விளக்கு அணைஞ்சு போச்சு" என்றாள் மெய்யம்மை.

செட்டியார் அழுதார், சிரித்தார், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆனாலும் பயம் போகவில்லை. பொழுது சாயட்டும் என்று எல்லோரும் வாசலில் வந்து நின்று சூரியனையே பார்த்தார்கள். சூரியன் மரத்துக்கு இறங்கியது, கூரைக்கு இறங்கியது, மலைக்குப் பின்னால் இறங்கியது. மெய்யம்மை விளக்கை மறுபடி ஏற்றி மாடத்தில் வைத்தாள். பிறகு எரிமூக்கனைத் திரும்பிப் பார்த்தாள், அவன் கோவணம் ஞாபகம் வந்தது, சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். கல்லாகவில்லை.

எரிமூக்கனுக்கு இந்தத் தடவை மூக்கு சிவக்கவில்லை. மடியிலிருந்த காசை எடுத்து, தலையைக் குனிந்தபடி செட்டியாரின் கையில் வைத்தான். செட்டியார் அதைச் சிலம்பாயியிடம் நீட்டினார், இது உங்களுடையது என்றார். அதற்குத்தான் நல்ல விசிறி கொடுத்துவிட்டாயே, காசு உன்னுடையதுதான் என்று அவள் தள்ளிவிட்டாள். பிறகு மந்திரவாதியைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டாள்.

"சாப்பிட்டியா?"

இல்லை என்றான் அவன். அவனை அப்படி யாரும் கேட்டதே இல்லை போலிருக்கிறது. எனக்கு விறகு பிளக்க ஆள் இல்லை, நாளைக்கு என்னோடு வா என்றாள் சிலம்பாயி.

மறுநாள் செட்டியாரே படகில் அவர்களைக் கொண்டுபோய் விட்டார். எரிமூக்கன் மந்திரம் எதுவும் சொல்லாமல், கை கொப்பளிக்கக் கொப்பளிக்க, நாள் முழுவதும் விறகு பிளந்தான். மாலையில் சிலம்பாயி செட்டியாரைக் கூப்பிட்டாள். இவனுக்கு இது முதல் கூலி, உன் கை ராசியான கையாச்சே, நீயே கொடு என்றாள். செட்டியார் மடியைத் தடவினார். அதில் இருந்தது ஒரே காசு. நடுவில் ஓட்டை விழுந்து, ஓரம் தேய்ந்த அந்தச் செப்புக் காசு.

கொஞ்சம் தயங்கினார்தான், நான் மறைக்கவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே எரிமூக்கனின் கொப்பளித்த கையில் அதை வைத்தார். முன்பு மகளுக்காகக் கொடுத்தார், இப்போது சும்மா மனதாரக் கொடுத்தார். சூரியன் ஆற்றுக்கு அந்தப்புறம் இறங்கியது. எரிமூக்கன் கையை மூடினான், திறந்தான், மூடினான், திறந்தான். காசு அங்கேயே இருந்தது. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான்.

விடிந்ததும் கடைக்கு முதல் ஆளாக வந்தது அவன்தான். அந்தக் காசைக் கொடுத்து ஒரு சட்டி கஞ்சி வாங்கினான். சிலம்பாயிக்கு அன்றைய போணி அதுதான். அவள் காசை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு கல்லாப் பானையில் போட்டாள். அவன் கஞ்சியைக் குடித்தான். அன்று அந்தி சாய்ந்தபோது அவன் வயிற்றில் எதுவும் கரையவில்லை. முதல்முறையாக வயிறு நிறைந்து படுத்தான்.

அதற்கப்புறம் செட்டியாரின் செல்வம் குறையவில்லை. வெள்ளிச் சிமிழ் காலியாகக் கிடக்கிறதே என்று பல்லி அதில் முட்டை இட்டிருக்கிறது. காலையில் கடை திறக்குமுன் அவர் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆற்றுத்துறை இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார், அவ்வளவுதான். ஐப்பசி பிறந்தால் காம்பை இறுக்கிக் கட்டிய ஒரு கட்டு விசிறியைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் கிளம்பிவிடுவார். மெய்யம்மைதான் துண்டுக்குப் புதுக் கரை தைத்துக் கொடுப்பாள்.

அந்தக் காசு? சிலம்பாயி அதை எந்த விறகுக்காரனிடம் கொடுத்தாளோ, அவன் எந்தக் கடையில் கொடுத்தானோ. இன்னும் ஏதோ ஒரு கடையில் போணியாகிக்கொண்டுதான் இருக்கும். நாளைக்கு உங்கள் கைக்கு வந்தாலும் வரலாம். வந்தால் நடுவில் ஓட்டை இருக்கிறதா என்று அப்புறம் பாருங்கள். கொடுக்கிறவர் முகத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.